இரண்டு நாள், நாலு வெளிச்சம்: யாழ்ப்பாணத்தில் படம் எடுக்க நண்பரை எங்கே கூட்டிப் போவது?

யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து நீங்கள் ஆறு மாதம் ஆகியிருப்பீர்கள். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் நண்பர் ஒருவர், "சனி ஞாயிறு வாறன், கமெராவும் கொண்டு வாறன், நல்ல இடமாப் பார்த்து வை" என்று சொல்லிவிட்டார். உடனே ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்குவோம்: கோட்டை, நூலகம், நல்லூர், கீரிமலை, கசூரினா, நயினாதீவு, நெடுந்தீவு, பருத்தித்துறை. பத்துப் பன்னிரண்டு இடம் சேர்ந்துவிடும். ஒரு வானைப் பிடித்தால் எல்லாவற்றையும் சுற்றிவிடலாம் என்று தோன்றும்.

நானும் முதல்முறை அப்படித்தான் செய்தேன். மணற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டரை. மணல் வெள்ளைத் தாள் மாதிரிக் கிடந்தது, திட்டிகளின் ஏற்ற இறக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நண்பர் நாலு படம் எடுத்துவிட்டுக் கமெராவை மூடிவிட்டார். கோட்டைக்கு மூன்று மணிக்குப் போய் நாலரைக்கு வெளிக்கிட்டோம். சூரியன் இறங்கிய நேரம் நாங்கள் சுன்னாகம் சந்தியில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றோம். அடுத்த மாதம் தனியாக, விடியும் முன்பே மணற்காட்டுக்குப் போனேன். அதே மணலில் காற்று வரைந்த வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனி நிழலோடு கிடந்தன. நண்பரைக் கூட்டிப் போன அன்று இது ஒன்றுமே அவர் கண்ணில் படவில்லையே என்று மனம் வருந்தியது.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் நான் இடங்களை எண்ணுவதில்லை, வெளிச்சங்களை எண்ணுகிறேன். சனி காலை, சனி பின்னேரம், ஞாயிறு காலை, ஞாயிறு பின்னேரம். இரண்டு நாளில் இந்த நாலுதான் உண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அந்த நாலுக்கும் நாலு இடத்தைச் சரியாகத் தெரிந்துவிட்டால் பயணம் தேறிவிடும். நடுவில் வரும் பகல் நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது

நண்பருக்கு எடுக்கப் பிடித்தது எது? மனிதரா, கடலும் வானமுமா, பழைய கட்டடமா, பறவையா? தொலைபேசியில் எடுப்பவரா, முக்காலியும் நீள லென்ஸும் தூக்கி வருபவரா? பறவை எடுப்பவரைச் சந்தைக்குக் கூட்டிப் போனாலும், மனிதர் முகம் தேடுபவரைக் கடற்கரையில் கொண்டுபோய் விட்டாலும் இருவருக்கும் அலுப்புத்தான். விடிய நாலு மணிக்கு எழும்புவாரா என்பதையும் கேளுங்கள். இரவு பஸ்ஸில் நித்திரை இல்லாமல் வந்து இறங்குபவரைச் சனி காலையே தூரத்துக்கு இழுக்காதீர்கள். அந்தக் காலைக்கு நகரத்துக்குள் ஓர் இடம் போதும், தூர இடத்தை ஞாயிறு காலைக்கு வையுங்கள்.

எந்த மாதம் வருகிறார்?

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி. மழை உங்கள் திட்டத்தைக் கலைக்கலாம், ஆனால் மழை விட்ட மறுநாள் வானம் கழுவித் துடைத்தது போல இருக்கும். வயல் பச்சை பிடித்திருக்கும், மழைக்கு மட்டும் உயிர் வரும் வழுக்கியாறு அராலிப் பக்கம் ஓடும். மாரியிலும் அதன் பின்னான மாதங்களிலும் கடல்நீரேரிகளில் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும். ஜனவரியில் தைப்பொங்கலை ஒட்டி வந்தால் யோசிக்கவே வேண்டாம், பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்குக் கூட்டிப் போங்கள்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகக் காற்று. புழுதி பறக்கும், தீவுப் படகுகள் ஆடும், பனை ஓலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். காற்றைப் படமாக்க விரும்புபவருக்கு அதுவே நல்ல காலம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவும் இந்தக் காலத்திலேயே வரும், ஆடி அமாவாசைக்குப் பிறகு கொடியேறி 25 நாள் நடக்கும், 24ஆம் நாள் தேர். அந்த நாட்களில் வீதி மூடியிருக்கும், விடுதிகளும் நிரம்பிவிடும். முன்பே பதிந்துவையுங்கள்.

சித்திரைப் புத்தாண்டு நாட்களில் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே நிற்கும். நிழல் காலடியில் சுருண்டுவிடும். அப்போது பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வெளியில் படமெடுக்க நினைக்காதீர்கள்.

சூரியன் எழும்பும் நேரமும் மாதத்தோடு மாறும். ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன் உதித்து ஆறரை போல மறையும். ஜனவரியில் உதிக்கவே ஆறு இருபது தாண்டிவிடும். நவம்பரில் மாலை ஆறு மணிக்கு முன்னரே மறைந்துவிடும், அந்த மாதம் பின்னேரப் பயணத்தை அரை மணி முன்தள்ளுங்கள்.

திசை பார்ப்பது

குடாநாடு தட்டையான நிலம். ஏறி நின்று பார்க்க மலை இல்லை. எனவே இங்கே படம் என்பது பெரும்பாலும் வானமும் தண்ணீரும், அவற்றுக்கு நடுவே நிற்கும் ஒரு பனையோ வள்ளமோ மனிதரோதான். அப்படிப் படம் எடுக்கச் சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கிழக்குக் கரை, அதாவது மணற்காடு, வல்லிபுரம் பக்கம், காலைக்கு. மேற்குப் பக்கம், அதாவது பண்ணை, தீவகம், காரைநகர், பின்னேரத்துக்கு. கோபுரங்களுக்கு அவை பார்க்கும் திசை. நல்லூரின் முன்வாசல் கிழக்குப் பார்த்தது, ஆகவே காலை வெயில் முகத்தில் விழும். காவியும் வெள்ளையும் பட்டை தீட்டிய வெளிமதிலும் அந்த நேரத்தில்தான் நிறம் காட்டும்.

சூரியன் மறையும் இடமும் நகரும். கோட்டை மதிலில் நின்று பார்த்தால் டிசம்பரில் மண்டைதீவுப் பக்கமாக, தென்மேற்கில் இறங்கும். ஜூனில் வடமேற்கே தள்ளிப்போயிருக்கும். வேறொரு மாதத்தில் யாரோ எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றால் சூரியன் வேறெங்கோ இருக்கும்.

ஒரு கிழமை முன்பே போய்ப் பாருங்கள்

இந்த வேலையைத் தவறவிடாதீர்கள். நண்பரைக் கூட்டிப் போக நினைக்கும் அதே நேரத்துக்குத் தனியாகப் போங்கள். சைக்கிளில் போனால் இன்னும் நல்லது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கலாம். தொலைபேசியில் நாலு திசைக்கும் ஒவ்வொரு படம் எடுங்கள். எங்கே வாகனம் விடலாம், வாசல் எத்தனை மணிக்கு மூடும், பக்கத்தில் தேத்தண்ணிக் கடை திறந்திருக்கிறதா, கழிப்பறை எங்கே என்று குறித்துவையுங்கள். நண்பர் பெண் என்றால் இருட்டுக்குள் நிற்கக்கூடிய இடமா என்பதையும் பாருங்கள். போன மழைக்குப் பாதை உடைந்திருக்கலாம், புதிதாக ஒரு மதில் எழும்பியிருக்கலாம். வரைபடத்தில் அது தெரியாது.

என் நாலு வெளிச்சம்

உங்களுடையது வேறாக இருக்கலாம். நான் பல முறை செய்து பார்த்து வைத்திருக்கும் ஒழுங்கு இது.

சனி காலை, பாசையூர். நகரத்திலிருந்து சில நிமிடம்தான். விடியும்போது வள்ளங்கள் கரைக்கு வரும், மீன் ஏலம் கூறும் குரல் கேட்கும், வெளிச்சம் நீரேரி மேலிருந்து சாய்ந்து வந்து முகங்களில் விழும். ஆனால் இறங்கியதும் கமெராவைத் தூக்காதீர்கள். அது ஆட்கள் உழைக்கும் இடம், ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குக் காசு. முதலில் ஒரு சுற்று நடந்து, வழியை மறிக்காமல் ஓர் ஓரமாக நில்லுங்கள். பிறகு கேளுங்கள்: "அக்கா, ஒரு படம் எடுக்கலாமோ?"

ஒருமுறை வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் என் நண்பர் இப்படிக் கேட்டார். அவர் நிமிரவில்லை. "முதல் நண்டை எடும் தம்பி. பிறகு என்னை எடுக்கலாம்" என்றார். நண்பர் குந்தியிருந்து நண்டை எடுத்தார். நீலக்கால் நண்டின் காலில் உள்ள நீலம் கடையில் பார்க்கும் நீலம் அல்ல. ஈரம் காயும் முன், காலைச் சாய்வெயிலில், கணுவுக்குக் கணு ஊதாவாகவும் வெள்ளைப் புள்ளியாகவும் மாறிக்கொண்டே போகும். நண்டு உடையாமல், வலையும் அறாமல், அந்த அம்மாவின் விரல்கள் ஒவ்வொரு காலாக விடுவித்ததைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவரே வெயில் பக்கமாகத் திரும்பி அமர்ந்தார். அந்தப் பயணத்தில் நண்பருக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

சனி பின்னேரம், தீவகச் சுற்று. பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய் ஊர்காவற்றுறை. அங்கிருந்து பாதையில் ஏறி எதிர்க்கரை காரைநகர். புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே பாதை என்றால் வாகனங்களையும் ஆட்களையும் கடல் தாண்டிக் கொண்டுபோகும் மிதவை. அது ஓடுகிறதா என்று அன்று காலையே யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள், நின்றுவிட்டால் வந்த வழியே முழுச் சுற்றும் திரும்ப வேண்டும். கடக்கும்போது நடுக்கடலில் நிற்கும் கடற்கோட்டை தெரியும். பிறகு கசூரினாக் கடற்கரையில் சூரியன் இறங்கும்வரை இருங்கள். கடல் அங்கே வெகுதூரத்துக்கு ஆழம் இல்லாதது, ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் தொலைவில் நிற்பார்கள், கரையிலிருந்து பார்க்கக் கோடுகள் மாதிரி இருக்கும். சனி ஞாயிறில் கூட்டம் உண்டு, கொஞ்சம் நடந்தால் தனியிடம் கிடைக்கும். திரும்பும்போது பொன்னாலைப் பாலத்தில் நில்லுங்கள், சூரியன் போன பிறகு வரும் நீல வெளிச்சம் இரு பக்கத் தண்ணீரிலும் விழும்.

ஞாயிறு காலை, மணற்காடு. விடிய நாலரைக்கு வெளிக்கிட வேண்டும். சூரியன் கடலிலிருந்து எழும்பும் முதல் நாற்பது நிமிடம் மணலின் ஒவ்வொரு வரிக்கும் நிழல் இருக்கும், ஏழரைக்குப் பிறகு அது போய்விடும். ஆகவே திட்டியில் ஏறும் முன் எந்தப் பக்கத்தை எடுக்கப் போகிறீர்கள் என்று தீர்மானித்து, அந்தப் பக்கத்தில் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள். ஒரு காலடி விழுந்தால் காற்று வந்து அழிக்கும்வரை அது அப்படியே இருக்கும். மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடும் அங்கேதான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அடித்த கரை இது. இறந்தவர்களின் கல்லறைகள் இருக்கின்றன, அவற்றைப் பின்னணியாக வைத்து யாரையும் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

திரும்பும் வழியில் வல்லிபுர ஆழ்வார் கோயில், பருத்தித்துறை, கரையோர வீதியால் வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு. கடைசியாக வல்லைவெளி: வீடு இல்லை, மரம் இல்லை, தண்ணீரும் வானமும் மட்டும். மாரி முகில் திரண்டு நின்றால் அங்கே பகலிலும் படம் எடுக்கலாம்.

ஞாயிறு பின்னேரம், கோட்டையும் பண்ணையும். இரவு பஸ்ஸுக்கு நகரத்துக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பதால் இதைக் கடைசிக்கு வைக்கிறேன். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பிறகு ஐங்கோணமாகப் பெருப்பித்துக் கட்டிய கோட்டை. மதிலை நெருங்கிப் பாருங்கள். கடலிலிருந்து எடுத்த முருகைக்கற்களும் அதில் இருக்கின்றன. சூரியன் சாயச் சாய கல்லில் உள்ள பூப்போன்ற குழிகளும் மூளை மடிப்புப் போன்ற கோடுகளும் எழும்பி வரும். பரந்த காட்சி எடுப்பவரும் அந்தச் சுவரில் ஒரு பத்து நிமிடமாவது செலவழிக்கட்டும். பிறகு மதில் மேலே. வாசல் மூடும் நேரத்தை உள்ளே போகும்போதே கேட்டுவிடுங்கள். சூரியன் முழுதாக மறையும் முன் வெளியேறச் சொன்னால் கவலை வேண்டாம், நடந்து பண்ணைக் கரைக்கு வந்துவிடலாம். ஆழமில்லாத நீரில் கம்பு நட்டுக் கட்டிய சிறகுவலைகள், அவற்றின் மேல் நீர்க்காகங்கள், சைக்கிளில் வீடு திரும்பும் ஆட்கள். அங்கே சூரியனை எடுக்காமல் சூரியனுக்கு முன்னால் போகிறவர்களை எடுக்கச் சொல்லுங்கள்.

நடுப்பகலில் என்ன செய்வது?

நிழல் தேடுங்கள். திருநெல்வேலிச் சந்தைக்குள், மேலிருந்து வடிந்து வரும் வெளிச்சத்தில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் ஒடியலும் நல்ல படம் தரும். மழை கொட்டினாலும் இதுவே கை கொடுக்கும்.

உச்சி வெயிலுக்கு என்றே ஓர் இடம் உண்டு: நிலாவரைக் கிணறு. வெயில் நேராக உள்ளே இறங்கும்போதுதான் சுண்ணக்கல்லுக்குள் கிடக்கும் தண்ணீரின் பச்சை நீலம் தெரியும். போகும் வழியில் கோப்பாய், நீர்வேலி, புத்தூர்த் தோட்டங்கள். இறைத்த ஈரத்தில் செம்மண் கறுத்துச் சிவந்து கிடக்கும், அதன் மேல் வெங்காயமும் வாழையும். தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு வரம்பில் மட்டும் நடவுங்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் போங்கள், படத்துக்காக மட்டும் அல்ல. 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அதை நண்பருக்குச் சொல்லிவிட்டுப் பிறகு கமெராவைத் திறக்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கட்டடம் என்பதால் கமெரா தானாக எடுத்தால் சாம்பல் நிறமாக வரும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி எடுக்க வேண்டும். உள்ளே படிக்கும் பிள்ளைகளைக் குழப்பாதீர்கள். நல்லூர்ப் பக்கம் சங்கிலியன் தோரணவாசல், யமுனா ஏரி, மந்திரி மனை எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கின்றன. மந்திரி மனை சிதைந்துகொண்டிருக்கும் கட்டடம், வெளியில் நின்று எடுத்தால் போதும்.

நெடுந்தீவை இரண்டு நாளுக்குள் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம் போல ஆகும், போய்த் திரும்பினால் தீவில் நிற்பது வெயில் கொளுத்தும் நேரம் மட்டும்தான். முருகைக்கல் வேலிகளும், கட்டாக்காலிக் குதிரைகளும், பெருக்குமரமும் காலை மாலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை. ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டும் போங்கள். நயினாதீவு கிட்ட, ஆனாலும் ஒரு முழுக் காலை போய்விடும்.

எங்கே எடுக்கக் கூடாது

நல்லூர்க் கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், நண்பருக்கு முன்பே சொல்லிவையுங்கள். மற்றக் கோயில்களிலும் கேட்காமல் எடுக்க வேண்டாம். கீரிமலையில் கடலைப் பார்த்து எடுங்கள், கேணியில் குளிப்பவர்களையும் பிதிர்க்கடன் செய்பவர்களையும் எடுக்காதீர்கள். தகப்பனையோ தாயையோ இழந்தவர் அந்தத் தண்ணீரில் நிற்கிறார்.

இராணுவ, கடற்படை முகாம்கள், காவலரண்கள், பலாலி விமான நிலையச் சுற்று, காங்கேசன்துறைத் துறைமுகம், இவை பக்கம் கமெராவை உயர்த்த வேண்டாம். வெளிச்சவீடுகளிலும் கேட்டுவிட்டே எடுங்கள். யாராவது மறித்தால் வாதாடாமல் படத்தைக் காட்டிவிட்டு நகருங்கள். ட்ரோன் கொண்டு வருகிறவர் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளை வர முன்பே பார்த்துப் பதிவும் அனுமதியும் எடுத்திருக்க வேண்டும், இங்கே வந்து யோசிக்க நேரம் இருக்காது.

போரில் இடிந்த வீடுகள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. குண்டு துளைத்த சுவரும் உள்ளே முளைத்த மரமும் கமெராவை இழுக்கும். அது யாரோ ஒருவரின் வீடு, அடுத்த படலையில் அவருடைய சொந்தக்காரர் இருப்பார். அவரிடம் கேளுங்கள். செம்மணி வெளியின் வயலும் கொக்கும் அழகுதான், ஆனால் அந்த மண்ணில் மனிதப் புதைகுழி இருந்தது தெரிந்தபின் அங்கே அழகுக்காகப் படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பைக்குள் இருக்க வேண்டியவை

உப்புக் காற்றுக்கு மெல்லிய துணி இரண்டு, லென்ஸ் துடைக்க ஒன்று, கமெராவின் உடலுக்கு ஒன்று. மணற்காட்டில் லென்ஸ் மாற்றவே வேண்டாம், வீட்டிலேயே ஒன்றைப் பூட்டிக்கொண்டு போங்கள். கமெராவை மூட ஒரு பொலித்தீன் பை, தொப்பி, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், தலையில் கட்டும் சின்ன லைற். வாகனம் பேசும்போது நாள் முழுக்க என்று பேசாமல், விடிய நாலரை முதல் பதினொரு மணி வரை ஒருமுறை, பின்னேரம் மூன்று முதல் எட்டு வரை ஒருமுறை என்று பேசுங்கள். நடுப்பகலில் சாரதியும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கலாம்.

ஞாயிறு இரவு நண்பர் பஸ் ஏறும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கும். பண்ணைக் கரையில் இருந்தபடியே, இரண்டு நாளில் முகம் காட்டியவர்களின் படங்களைத் தேடி உங்கள் தொலைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்து அச்செடுங்கள். நண்பர் ஊருக்குப் போய்விடுவார், நீங்கள் இங்கேதான் இருக்கப் போகிறீர்கள். நான் அந்த நண்டு அம்மாவின் படத்தைச் செவ்வாய்க்கிழமை விடியக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, ஓரத்தில் பிடித்து வாங்கிப் பார்த்தார். "நண்டின்ர படம் எங்க?" என்று கேட்டார். அதையும் அச்செடுத்து அடுத்த கிழமை கொண்டுபோனேன்.